புது ஹார்ட் டிஸ்க், பழைய கம்ப்யூட்டர்: நீல போர்ட் ஏன் இயங்கவில்லை?

கேள்வி: கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். 2009இல் வாங்கிய இன்டெல் கம்ப்யூட்டரில் பின்னாளில் ஒரு யூஎஸ்பி 3.0 கார்டு பொருத்தினேன். சென்ற மாதம் விண்டோஸ் 7ஐ மறுபடியும் இன்ஸ்டால் செய்ததிலிருந்து, கார்டின் நீல போர்ட்டில் மவுஸ்கூட வேலை செய்யவில்லை. பின்பக்கக் கறுப்பு போர்ட்டில் புது 3.0 ஹார்ட் டிஸ்க் நன்றாக இயங்குகிறது. முன்பக்கப் போர்ட்டிலோ 8 ஜிபி கல்யாண வீடியோவை காப்பி செய்ய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். 3.0 டிஸ்க் பழைய 2.0 போர்ட்டிலும் (உங்கள் கறுப்பு போர்ட்டுகள்) இயங்கும்படியே வடிவமைக்கப்பட்டது. பழைய நான்கு இணைப்புகள் அதன் பிளக்கில் அப்படியே இருக்க, 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 ஜிகாபிட்) வேகத்துக்காக ஐந்து புதிய இணைப்புகள் கூடுதலாக உள்ளன. ஆனால் இந்த ஒத்திசைவு சாதனத்துக்கும் போர்ட்டுக்கும் இடையிலானது. போர்ட்டை ஆளும் சிப்பான கன்ட்ரோலருக்கு ஆபரேட்டிங் சிஸ்டத்தில் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இல்லையென்றால், எவ்வளவு பழைய மவுஸைச் செருகினாலும் பயனில்லை. உங்கள் கார்டில் இருப்பது யூஎஸ்பி 3.0க்கான எக்ஸ்எச்சிஐ வகைக் கன்ட்ரோலர். அதற்கான டிரைவர் விண்டோஸ் 8 முதல்தான் சிஸ்டத்தோடு சேர்ந்து வருகிறது. லினக்ஸ் என்ற மற்றொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தில், 2009இல் வந்த 2.6.31 கெர்னலிலேயே (அதன் மையப் பகுதி) வந்துவிட்டது. ஆகவே, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (சாதனங்களின் பட்டியல்) மஞ்சள் குறியோடு நிற்கும் யூஎஸ்பி கன்ட்ரோலரைக் கண்டுபிடித்து, கார்டின் சிப்பில் அச்சிட்டுள்ள பெயரைப் பார்த்து, அதைத் தயாரித்தவர் விண்டோஸ் 7க்கென வெளியிட்ட டிரைவரை (32 பிட்டா, 64 பிட்டா என்று சரிபார்த்து) இன்ஸ்டால் செய்யுங்கள். அதற்கு முன், பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை இயக்கிப் பார்ப்பது நல்லது. அதில் நீல போர்ட் இயங்கினால் கார்டு பழுதில்லை என்பது உறுதியாகிவிடும்.

முன்பக்கப் போர்ட்டின் கதை வேறு. உங்கள் கம்ப்யூட்டரின் காலத்து இன்டெல் போர்டுகளில் ஒவ்வொரு கறுப்பு போர்ட்டுக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள் உண்டு: 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு 480 மெகாபிட்) வேகத்துக்கு இஎச்சிஐ, 12 எம்பிபிஎஸ் மற்றும் அதற்குக் குறைந்த வேகத்துக்கு யூஎச்சிஐ. கல்லணையில் மதகுகள் தண்ணீரைக் காவிரிக்கோ வெண்ணாற்றுக்கோ திருப்புவதுபோல, போர்ட்டை இவற்றில் ஒன்றின் பக்கம் திருப்பிவிடுவது இஎச்சிஐ டிரைவர். 480 எம்பிபிஎஸ் வேகமுள்ள எந்தச் சாதனமும் முதலில் 12 எம்பிபிஎஸ் சாதனமாகவே அறிமுகமாகி, ரீசெட்டின்போது ஒரு தனிச் சமிக்ஞை அனுப்பித் தன் வேகத்தைத் தெரிவிக்கும். அந்தச் சமிக்ஞைப் பரிமாற்றம் நிறைவேறாவிட்டால் டிரைவர் போர்ட்டை யூஎச்சிஐயிடம் ஒப்படைத்துவிடும். பிறகு நொடிக்கு ஏறத்தாழ 1 எம்பிதான் (மெகாபைட்; ஒரு பைட் என்பது 8 பிட்) நகரும். 8 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் ஆவது இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது.

பின்பக்கம் வேகமாக இருப்பதால் இஎச்சிஐ டிரைவர் நலமாகவே உள்ளது. கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்குச் செல்லும் கேபிளையோ, துருப்பிடித்த போர்ட்டையோதான் நான் சந்தேகிப்பேன். கேபிளைக் கழற்றி மதர்போர்டில் மற்றொரு இணைப்பில் பொருத்திப் பாருங்கள். குணமில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். அதுவரை முகூர்த்த வீடியோக்களைப் பின்பக்கப் போர்ட்டிலேயே காப்பி செய்யுங்கள்.