கூலியைக் குறைத்தால் வேலை வருமா?

வணக்கம்.

கொடுங்கையூரிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் வியாசர்பாடியில் கிரில், கேட் வேலை செய்கிறார். வீட்டுக்கு முன்னாலேயே பட்டறை, கூட ஒரு கையாள். அவருக்கு நாள் கூலி 1,200 ரூபாய், கையாளுக்கு 700. ஆறேழு மாதமாகக் கட்டட வேலை படுத்துவிட்டது. மாதம் 14 நாள் வேலை கிடைத்தால் பெரிது. ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் 48,000 ரூபாய் நான்கு மாதமாக நிற்கிறது. கூலியை 900 ஆக்கிவிட்டால் வேலை வரும் என்கிறார் மாமா. வேண்டாம் என்றால், “இன்னா மச்சான், கஷ்டம் நமக்கு புச்சா? மில்லு மூட்னப்பவே பாத்தாச்சி” என்று சிரிக்கிறார். என் அலுவலகத்திலோ, வெல்டரும் பிளம்பரும் நம்மைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். எது சரி? அவர் கூலியைக் குறைக்கலாமா?

எஸ்., கொடுங்கையூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அலுவலக நண்பர்களின் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அவர்கள் 1,200ஐ 26ஆல் பெருக்குகிறார்கள், 31,200 வருகிறது. அது மாதச் சம்பளக்காரர் போடும் பெருக்கல். ஞாயிறு, பண்டிகை, ஐப்பசி கார்த்திகை மழை, “நிலை இன்னும் வைக்கலை, அடுத்த வாரம் வாங்க” என்று திருப்பி அனுப்பப்படும் நாள் எல்லாம் போனால் நல்ல வருஷத்திலேயே 250 நாள் தேறினால் அதிகம். மாமாவுக்கு இப்போது மாதம் 14 நாள். வருஷம் முழுக்க இப்படியே போனால் 168 நாள், 2,01,600 ரூபாய். பெட்ரோல், மிஷின் தேய்மானம், கை கிரைண்டர், கேபிள், கையுறை, கண்ணாடி எல்லாம் சேர்த்து வேலை நாளுக்கு 150 ரூபாய் என்று வையுங்கள். அது 25,200. மிச்சம் 1,76,400. மாதத்துக்கு 14,700 ரூபாய். பி.எஃப். கிடையாது, விடுப்புச் சம்பளம் கிடையாது, கையில் சூடு பட்டால் அன்றைய கூலியும் கிடையாது.

இப்போது 900க்கு வருவோம். அதே 168 நாள் என்றால் 1,51,200. பழைய வருமானத்தையே தொட வேண்டுமானால் 224 நாள் வேலை வேண்டும். அதாவது 300 ரூபாய் குறைத்ததற்காக 56 நாள் கூடுதலாக வந்தாக வேண்டும். அந்த 56 நாள் எங்கிருந்து வரும்?

ஒரு கிரில்லைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். 4 அடிக்கு 4 அடி ஜன்னல். சுற்றுச் சட்டம் 25×5 மி.மீ. பட்டை, நிற்கும் கம்பி 10 மி.மீ. சதுரம், 4 அங்குலத்துக்கு ஒன்றாக 11 கம்பி, குறுக்கே 20×5 பட்டை இரண்டு. சதுரக் கம்பிக்கு ஒரு பக்கத்தின் மி.மீ. அளவை அதே எண்ணால் பெருக்கி 0.00785ஆல் பெருக்கினால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வரும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.785 கிலோ. பட்டைக்கு அகலத்தைத் தடிமனால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கிரில் சுமார் 17 கிலோ வரும். இரும்பு கிலோ 70 ரூபாய் என்று வைத்தால் 1,190. மாமாவும் கையாளும் நாளுக்கு இரண்டு கிரில் முடிப்பார்கள் என்றால் கூலி ஒன்றுக்கு 950. வெல்டிங் ராடு, கம்பி வெட்டும் வீல், துருத் தடுப்பு ரெட் ஆக்சைடு எல்லாம் சேர்ந்து 2,300 பக்கம் வரும். மாமா தன் கூலியில் 300 குறைத்தால் கிரில்லுக்கு 150 குறையும். ஆறு ஜன்னல் வீட்டுக்கு மொத்தம் 900 ரூபாய். லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுகிறவர், பணம் புரளாமல் நிறுத்தி வைத்த வேலையை 900 ரூபாய்க்காக எடுப்பாரா? எடுக்க மாட்டார். சர்மா நகரில் இன்னொரு பட்டறைக்குப் போக இருந்த வேலை வேண்டுமானால் இந்தப் பக்கம் வரும். அடுத்த மாதம் அந்தப் பட்டறைக்காரரும் 850 என்பார். அப்புறம் இரண்டு பேருக்கும் 850தான். மந்தம் போன பிறகும் அதை 1,200க்கு ஏற்றுவது லேசில்லை. “போன தடவை 850தானே வாங்கினீங்க” என்ற வாக்கியத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் போய்விடும்.

2019 செப்டம்பரில் லாரி விற்பனை படுத்தபோது எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை 16 நாளை வேலையில்லா நாளாக அறிவித்தது. சரக்கு நகராதபோது பெரிய ஆலையிலும் முதலில் சுருங்குவது நாள்தான். அது சுருங்குவதை மாமாவால் தடுக்க முடியாது. கூலி மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது. அதையும் தானாகவே விட்டுக்கொடுக்கிறார்.

குறைத்தே ஆக வேண்டும் என்றால் வேறு இடத்தில் குறைக்கலாம். கம்பி 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. 4 அடி கிரில்லுக்கு உள்கம்பி 1,210 மி.மீ. ஐந்து துண்டு என்றால் 6,050 ஆகிவிடும், எட்டாது. எனவே ஒரு கம்பியில் நாலு துண்டு போக 1.15 மீட்டர் மிச்சம் விழும். ஆறு ஜன்னலுக்கு 66 துண்டு, 17 கம்பி. இதையே கிரில் உயரத்தை 1,200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் உள்கம்பி 1,190. ஐந்து துண்டும், நடுவே நாலு வெட்டுக்கு வீல் தின்னும் 12 மி.மீ.யும் சேர்த்து 5,962. ஒரு கம்பியில் அடங்கிவிடும், 14 கம்பி போதும். மூன்று கம்பி, 14 கிலோ, 990 ரூபாய் மிச்சம். மூன்று நாள் வேலையில் நாளுக்கு 300 விட்டுக்கொடுப்பதும் ஏறக்குறைய இதே தொகைதான். ஆனால் இது யார் வயிற்றிலிருந்தும் போகவில்லை. நிலை வைத்த பிறகு இது நடக்காது. தச்சர் நிலை அளவு எடுக்கும்போதே போய்ப் பேசிவிட வேண்டும். கம்பியையும் கடையிலேயே டேப் வைத்துப் பார்ப்பது நல்லது, சில லாட் 6 மீட்டருக்கு ஓரிரு அங்குலம் குறைவாக இருக்கும். துண்டு வீணாகாது, பாத்ரூம் ஜன்னலுக்கு ஆகும் என்பார் மாமா. பட்டறை மூலையை எட்டிப் பாருங்கள், அந்தத் துண்டுகள் துருவேறிப் பழைய இரும்புக்காரருக்காகக் காத்திருக்கும்.

கூலியைக் குறைத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் இன்னொரு வழியில் அதை எடுத்துவிடுவார்கள். 12 மி.மீ. கம்பி என்று பேசி 10 போட்டால் எடையில் 30 சதவீதம் போய்விடும். 10க்குப் பதில் 9 என்றால் 19 சதவீதம். சதுர அடிக் கணக்கில் பேசும் வாடிக்கையாளருக்கு இது கண்ணில் படாது. முழு வெல்டிங் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு பொட்டு வைத்து கிரைண்டர் ஓட்டிவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான், மூன்றாம் வருஷம் கம்பி ஆடும். மாமா இந்த வழிக்கு வராமல் இருக்க வேண்டுமானால் கிலோ கணக்கில் பேசட்டும், பெயிண்ட் அடிக்கும் முன் வாடிக்கையாளர் எதிரிலேயே எடை போடட்டும். மேலே சொன்ன கிரில்லுக்குக் கூலி கிலோவுக்கு 55, 56 ரூபாய் வருகிறது. 35க்கு முடித்துத் தருகிறேன் என்பவர் எந்த வேலையை விடுகிறார் என்று கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் வாடிக்கையாளருக்கு வரும்.

மந்தத்தில் புது வேலைதான் நிற்கும், ரிப்பேர் நிற்காது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. கேட்டின் அடிப்பட்டை, மொட்டை மாடிக் கைப்பிடி, படிக்கட்டின் கால் எல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் ரிப்பேருக்கு நாள் கூலிக் கணக்கு ஒத்துவராது. போய்ப் பார்ப்பது, சாமான் வாங்குவது, மிஷினைத் தூக்கிப் போவது எல்லாம் சேர்ந்து அரை நாள் போகும். வெல்டிங் பத்து நிமிஷம்தான் ஆனது என்று 200 ரூபாய் நீட்டுவார்கள். குறைந்தபட்சம் அரை நாள் கூலி என்று போகும் முன்பே போனில் சொல்லிவிட வேண்டும். வேலையிலும் ஒரு கவனம் தேவை. துருவின் மேலேயே வெல்டிங் வைத்தால் உள்ளே காற்றுக் குமிழ் நிற்கும், ஆறு மாதத்தில் விட்டுப்போகும். வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். 16 கேஜ் பைப் புதிதாக இருக்கும்போதே 1.6 மி.மீ.தான், அரித்தது இன்னும் மெலிசு. 3.15 ராடில் 110 ஆம்பியர் வைத்தால் ஓட்டை விழும். 2.5 ராடு, 60, 70 ஆம்பியர், விட்டு விட்டு வைக்க வேண்டும். கசடைத் தட்டி எடுத்து அன்றே ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும். மறுநாள் என்று விட்டால் கடற்காற்று முந்திக்கொள்ளும்.

இனி நிற்கும் 48,000. கூலி குறைவதைவிட இதுதான் பட்டறையை மூட வைக்கும். நல்ல காலத்தில் இரும்புக் கடைக்காரர் பதினைந்து நாள் கடன் கொடுப்பார். மந்தம் வந்தால் ரொக்கம் கேட்பார். கான்ட்ராக்டரோ தள்ளிக்கொண்டே போவார். நடுவில் வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் பாங்கியாகிவிடுவது மாமாதான். இனி எந்த வேலைக்கும் இரும்பு விலை முழுவதும் முன்பணம், விலை ஏழு நாளுக்குத்தான் செல்லும், மாட்டிய அன்றே பாக்கி. இந்த மூன்றையும் துண்டுச் சீட்டிலாவது எழுதித் தர வேண்டும்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார் எண்ணை வைத்துச் செய்யலாம், கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி அப்படிப் பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பதிவுக்கு முன் செய்த வேலைக்கு இதை நம்ப முடியாது, இனி வருவதற்கு உதவும். பெரிய கான்ட்ராக்டர்களுக்கு வட்டியைவிட, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று வந்த விதிதான் உறைக்கும். 2023-24 கணக்காண்டிலிருந்து, பதிந்த சிறு தொழிலுக்குக் கெடு தாண்டியும் கொடுக்காமல் வைத்த தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே பாக்கிப் பட்டியல் கேட்பார். பிப்ரவரியிலேயே பில்லோடு போய் நிற்பது நல்லது.

“கஷ்டம் நமக்கு புச்சா” என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1878இல் தொடங்கிய பின்னி மில் 1996இல் மூடியதைப் பார்த்த ஊர் அது. அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. ஆனால் கஷ்டம் பழகியவர் வயிற்றைக் கட்டும்போது தப்பான இடத்தில்தான் கட்டுகிறார் என்பது என் எண்ணம். கிரைண்டரின் கார்பன் பிரஷ் 5, 6 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இன்னும் ஓடுதே என்று விட்டால் தீப்பொறி பறந்து கம்யூட்டேட்டர் கருகும், பின்னாலேயே ஆர்மேச்சர் போகும். பிரஷ் விலையைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு தண்டம். மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கட்டிங் வீல் வாங்குவது இன்னும் மோசம். வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். தாண்டியது ஓடும்போதே வெடித்துச் சிதறலாம். வீலை மூடியிருக்கும் தடுப்பை (கார்டு) கழற்றிவிட்டு ஓட்டுபவருக்கு முகம்தான் போகும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு இருந்தால் அதைப் புதுப்பிக்காமல் விடுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். 60 வயதில் ஓய்வூதியம் கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும்.

தண்டல் வாங்கியிருக்கிறாரா என்று மாமாவிடம் கேட்காதீர்கள், அக்காவிடம் கேளுங்கள். 10,000 என்று பேசி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள் வசூல். கொடுத்த பணம் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாகக் கையில் நிற்பது 4,250 பக்கம்தான். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. வருஷத்துக்குப் பார்த்தால் 125 சதவீதத்தைத் தாண்டுகிறது. வசூல்காரர் 30 நாளும் வருவார், வேலை 14 நாள்தான். காதுக் கம்மலை பாங்கில் வைத்தாவது இதை முதலில் அடைத்துவிடுவது மேல்.

கடைசியாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கடலுக்குப் போகிறவர்களுக்கு வருமானம் நிற்கும் அந்த இரண்டு மாதம்தான் காசிமேட்டில் படகு ரிப்பேர்க்காரர்களுக்குச் சீசன். மார்ச்சிலேயே போய்ப் பேசி வைக்க வேண்டும், ஏப்ரல் பாதியில் போனால் ஆள் எடுத்திருப்பார்கள். கைப்பிடி, ஏணி, ஐஸ் அறை மூடி, கூண்டு போன்ற வேலைகளை மாமா தயங்காமல் எடுக்கலாம். படகின் அடித் தகடு வேண்டாம். அதற்கு 7018 ராடு கேட்பார்கள். பிரித்த பாக்கெட் கடற்காற்றில் ஈரம் குடித்துவிடும், சுடவைக்க அடுப்பு இல்லாத பட்டறையில் அந்த வெல்டிங் விரிசல் விடும். டீசல் டேங்க் பக்கம் போகவே வேண்டாம். காசிமேட்டில் கூலி பரவாயில்லை, ஆனால் தடைக் காலத்தில் படகுக்காரர் கையிலும் துட்டு இருக்காது. இரும்புக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, பாக்கியைப் படகு இறங்கி முதல் இரண்டு ட்ரிப் மீன் விற்ற பிறகு என்று பேசிக்கொள்ளச் சொல்லுங்கள்.