ராஃபிள்ஸ் பிளேஸில் தங்கினால் எங்கே சாப்பிடுவது? கடையை விடக் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: ஜூன் மாதம் ஒரு வியாழன் காலை சிங்கப்பூர் வந்து, ஞாயிறு இரவு ஊர் திரும்புகிறோம். நான், மனைவி, பத்து வயது மகன், அம்மா. அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். மற்ற மூவரும் எல்லாம் சாப்பிடுவோம். விடுதி ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். இணையத்தில் கிடைத்த பட்டியல்களில் ஐம்பது கடைப் பெயர்கள் இருக்கின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லை. நகர மையத்தில் எங்கே, எப்போது சாப்பிடலாம்?

பதில்: பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் தங்கப்போவது அலுவலகங்கள் நிறைந்த வட்டாரம். அங்கே அடுப்பு எரிவது அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களின் பசிக்காக. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் உட்கார இடம் கிடைக்காத உணவங்காடி நிலையத்தில் (பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம்), சனிக்கிழமை பாதிக் கடைகள் கதவை இறக்கியிருக்கும். "நல்ல கடை என்று சொன்னார்களே, மூடிக் கிடக்கிறதே" என்று பயணிகள் ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான். உங்களுக்கு இரண்டு வேலைநாள், இரண்டு வார இறுதி நாள் இருப்பது நல்லதாகப் போயிற்று. கிழமைக்கு ஏற்றபடி வட்டாரத்தை மாற்றினால் போதும்.

வியாழன் மதியத்தை அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்துக்குக் கொடுங்கள். விடுதியிலிருந்து நடந்தே போகலாம். தெலுக் ஆயர் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மாடி, இரண்டிலும் கடைகள். பதினொன்றரைக்கு அலுவலகக் கூட்டம் இறங்க ஆரம்பித்தால் ஒன்றரை வரை ஓயாது. கூட்டம் கலைந்தபின் இரண்டு மணிக்குப் போகலாமே என்று தோன்றும். ஆனால் அதற்குள் நல்ல கடைகளில் சரக்கு தீர்ந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். பதினோரு மணிக்கே போய்விடுங்கள்.

போனதும் வரிசையில் நிற்காதீர்கள். முதலில் மேசையைப் பிடியுங்கள். மேசைமேல் காகிதக் கைக்குட்டைப் பொட்டலமோ குடையோ அலுவலக அடையாள அட்டையோ கிடந்தால் அந்த இடம் ஆள் பிடித்தது என்று அர்த்தம். இதற்குச் 'சோப்' போடுவது என்று பெயர். யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். அம்மாவும் மகனும் உட்காரட்டும். நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு வரிசையில் நில்லுங்கள். மேசை எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சில கடைகளில் கேட்பார்கள், கொண்டுவந்து வைப்பார்கள். 'செல்ஃப் சர்வீஸ்' பலகை இருந்தால் நீங்களேதான் தூக்கி வரவேண்டும். முறை வந்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "ஹேவிங் ஹியர்?" என்பதாக இருக்கும். அங்கேயே சாப்பிடுவதா, கட்டிக்கொண்டு போவதா என்று கேட்கிறார். கட்டிக்கொண்டு போவது 'தா பாவ்'. டப்பாவுக்குத் தனியாகச் சில காசு பிடிப்பார்கள்.

கையில் 2, 5, 10 வெள்ளித் தாள்களாக வைத்திருங்கள் (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்பார்கள்). கடைகளில் ஒட்டியிருக்கும், கைபேசியால் பணம் கட்டும் QR குறியீடுகள் பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கானவை. கடன் அட்டையை எல்லாக் கடையிலும் எடுக்கமாட்டார்கள். ஒரு தட்டுச் சாப்பாடு ஏறக்குறைய 5 முதல் 8 வெள்ளி. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய்த் திருப்பி வைக்கவேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் இது கட்டாயம். முதல் முறை எழுத்துபூர்வ எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் உணவுத் தட்டுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்கு இருக்கும். மாற்றி வைத்துவிடாதீர்கள், பன்றி இறைச்சி இருந்த தட்டு ஹலால் கடைக்குப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிரிவினை.

இனி அம்மா. உங்கள் பயணத்தில் யோசிக்கவேண்டிய பெரிய விஷயம் இதுதான். சிங்கப்பூரில் 'வெஜிடேரியன்' என்று சொன்னால் தட்டில் இறைச்சித் துண்டு இல்லாமல் கொடுத்துவிடுவார்கள். ஆனால் குழம்பின் அடியில் என்ன இருக்கிறது என்பது வேறு கதை. காய் போட்ட நூடுல்ஸ் சூப்பின் சாறு நெத்திலிக் கருவாட்டிலோ எலும்பிலோ இறக்கியதாக இருக்கும். சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது கலந்திருக்கும். லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸின் மசாலாவில் உலர் இறால். பழமும் காயும் போட்ட சீன ரோஜாக்கில் கறுப்பாகத் தெரியும் சாறும் இறால் விழுதுதான். வதக்கிய கீரையில் சிப்பிச் சாறு. குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவலில் பன்றிக் கொழுப்பு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இடங்கள் இவை. எனவே "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், "நோ எக், நோ ஃபிஷ் சாஸ், நோ ஆய்ஸ்டர் சாஸ், நோ பெலாச்சான்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள்.

பல வகைக் கறிகளை வரிசையாக வைத்துச் சோற்றோடு தரும் சீனக் கடையில் காய் மட்டும் வாங்கலாம் என்று தோன்றும். அங்கே ஒரே கரண்டி எல்லாத் தட்டுக்கும் போய்வரும். அம்மாவுக்கு அது ஒத்துவராது.

இதைவிடப் பத்திரமானது சீனச் சைவக் கடை. பெயர்ப்பலகையில் ஸ்வஸ்திகம் போன்ற புத்த சமயச் சின்னம் இருந்தால் அது பெரும்பாலும் சைவக் கடை. கோழி, வாத்து, மீன் என்று அங்கே காட்சியில் இருப்பவை சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்தவை. அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பார்த்ததும் திடுக்கிடுவார். பல கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. ஆனால் முட்டை இருக்கலாம், அதை மட்டும் கேட்கவேண்டும். இந்திய முஸ்லிம் கடைப் பரோட்டாவும் அப்படித்தான். இங்கே அதற்குப் 'பிராட்டா' என்று பெயர். வெறும் பரோட்டா 'பிராட்டா கோசோங்'. கேட்காமல் விட்டால் தொட்டுக்கொள்ள வருவது மீன் அல்லது ஆட்டுக்கறிக் குழம்பு. "பருப்புக் குழம்பு" என்று தமிழிலேயே கேளுங்கள், பல கடைகளில் புரியும். மாவில் முட்டை உண்டா என்றும் விசாரியுங்கள். முட்டைப் பிராட்டாவும் அதே கல்லில்தான் வேகும்; அது மனதுக்கு ஆகாது என்றால் பிராட்டாவை விட்டுவிடுவதே மேல்.

வியாழன் இரவு, பகலில் வண்டிகள் ஓடும் தெரு சாப்பாட்டுக் கூடமாக மாறுவதைப் பாருங்கள். லாவ் பா சாட் என்ற எண்கோணச் சந்தைக் கட்டடம் உங்கள் விடுதியிலிருந்து சில நிமிட நடை. வார்ப்பிரும்புத் தூண்களோடு 1894இல் எழுந்தது. 1973இல் தேசிய நினைவுச் சின்னமானது. அதை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட்டில் வேலைநாள்களில் மாலை ஏழு மணிக்குமேல் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, நடுரோட்டில் மேசை போட்டுக் கரியடுப்பில் சத்தே (குச்சியில் கோத்த இறைச்சித் துண்டுகள்) சுடுவார்கள். குச்சி குச்சியாக விலை இருந்தாலும் பெரும்பாலும் பத்துக் குச்சிக்குக் குறைந்து தரமாட்டார்கள். கோழி, ஆடு, மாடு மூன்றும் கலந்து கேட்டால் தருவார்கள். உங்கள் வீட்டில் மாட்டிறைச்சி ஆகாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கலவைத் தட்டில் அது தானாக வந்துவிடும். ஏழரைக்குமேல் போனால் புகையும் கூட்டமும் அதிகம். ஏழுக்கே போய், புகை அடிக்காத பக்கமாக உட்காருங்கள். அம்மாவுக்குக் கட்டடத்தின் உள்ளே இந்தியச் சைவம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அதன்பின் மேசை பிடிப்பது நல்லது.

இதே நடைதூரத்தில் போட் கீ ஆற்றோரம் இருக்கிறது. வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் கடைகள் அங்கே உண்டு. நண்டு சாப்பிட ஆசைப்பட்டால் ஒன்றைச் செய்யாமல் உட்காராதீர்கள். விலைப்பட்டியலில் நண்டுக்கு நேரே 'சீசனல் பிரைஸ்' என்று போட்டிருக்கும். கிலோ என்ன விலை, நமக்குப் போடப்போகும் நண்டு எத்தனை எடை என்ற இரண்டையும் கேட்டு, மொத்தத் தொகையைச் சொல்லவைத்த பிறகே சரி சொல்லுங்கள். ஒரு நண்டு ஒரு கிலோவைத் தொடும். பில் வரும்போது அதிர்ச்சி வருவது இந்த இரண்டு கேள்வியைக் கேட்காதவர்களுக்குத்தான். உணவகங்களில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதற்குமேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும். 100 வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசு ஆகும். தனியாக டிப்ஸ் வைக்கவேண்டியதில்லை. சீன உணவகங்களில் கேட்காமலே மேசைக்கு வரும் நிலக்கடலைக்கும் ஈரக் கைக்குட்டைக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

காலையில் கோப்பிக் கடை. 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் போட்டது. 'கோப்பி ஓ' பாலில்லாமல் சர்க்கரையோடு. 'கோப்பி சி' சுண்டிய பாலும் சர்க்கரையும். கூடவே 'கோசோங்' என்றால் சர்க்கரை இல்லை, 'சியூ டாய்' என்றால் சர்க்கரை குறைவு, 'காவ்' என்றால் திக்காக, 'பெங்' என்றால் பனிக்கட்டியோடு. 'தே' என்ற தேநீருக்கும் இதே பின்னொட்டுகள்தான். கெட்டிப்பாலிலேயே இனிப்பு இருப்பதால், சர்க்கரை வேண்டாத அம்மாவுக்கு 'தே சி கோசோங்' கேளுங்கள். காயா ரொட்டி மகனுக்குப் பிடிக்கும். தேங்காய்ப்பாலில் முட்டை சேர்த்துக் கிளறிய பூச்சு என்பதால் அம்மாவுக்கு வேண்டாம், வெண்ணெய் மட்டும் தடவித் தரச் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை பூகிஸ் பக்கம் போங்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதற்கு அருகே மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர் என்ற பழைய கட்டடத்தில் சைவ உணவுக்கடைகள் பல ஒன்றாக இருக்கின்றன. அம்மா நிம்மதியாக மெனுவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க இந்த நாலு நாளில் கிடைக்கும் நல்ல இடம் இதுதான். மதியம் அங்கே சாப்பிட்டுவிட்டு, மாலையில் கம்போங் கிளாம். சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் ரோட்டில் 1908 முதல் இருக்கும் ஜாம் ஜாம் கடையில் முர்தபா (இறைச்சியும் முட்டையும் உள்ளே வைத்த பரோட்டா) வாங்குங்கள். வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் அந்தத் தெருக்கள் நிறைந்திருக்கும், மாலைதான் சௌகரியம். முர்தபாவில் அளவு சொல்லிக் கேட்பார்கள். சிறியது ஒன்றே ஓர் ஆளுக்குத் தாராளம்.

சனிக்கிழமை சைனாடவுன். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனால் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் ஐந்து நிமிட நடை. இங்கே வார இறுதியிலும் கடைகள் இயங்கும். கோழிச் சோற்றுக்கு ஒரு கடையில் மட்டும் நீள வரிசை நிற்கும். மகனை அரை மணிக்குமேல் வெயிலில் நிறுத்தாதீர்கள், வரிசை குறைந்த அடுத்த கடையிலும் நல்ல சோறு கிடைக்கும். நல்ல கோழிச் சோற்றை இப்படிப் பாருங்கள்: சோறு பளபளவென்று தனித்தனி மணியாக இருக்கும், தட்டின் அடியில் எண்ணெய் தேங்காது, தோலுக்கும் சதைக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு படலம் தெரியும். வேகவைத்த கோழியை உடனே குளிர்ந்த நீரில் முக்குவதால் வருவது அது. வேகாத கோழி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். இன்னும் பெரிய இடம் வேண்டுமென்றால் ஸ்மித் ஸ்திரீட்டில் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், இரண்டாம் தளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள். கடை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனால் சுற்றிச்சுற்றி வரவேண்டியதுதான்.

ஞாயிறு காலையை லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்காவுக்கு வைத்தேன். சைனாடவுன் நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. எட்டு மணி வாக்கில் தேக்கா நிலையத்தில் தோசை, அப்பம் சூடாகக் கிடைக்கும். மீன், இறைச்சி, காய்கறி விற்கும் ஈரச் சந்தையும் அதே கட்டடத்தில்தான், தரை வழுக்கும், அம்மாவின் செருப்பைக் கவனியுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அம்மாவுக்குச் சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் இருக்கிறது, முழுக்கச் சைவம். நீங்கள் மூவரும் மீன்தலைக் கறி சாப்பிட விரும்பினால் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் முத்தூஸ் கறி, பனானா லீஃப் அப்போலோ இரண்டும் உண்டு. சிறிய சட்டியே மூவருக்குப் போதும். முதலிலேயே பெரியதைச் சொல்லாதீர்கள், சோறும் காயும் தனியே வரும். பன்னிரண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் காத்திருக்க வேண்டியிருக்காது. மாலை நான்குக்குமேல் விடுமுறைநாள் என்பதால் வெளிநாட்டு ஊழியர்கள் தீவு முழுவதிலிருந்தும் அங்கே கூடுவார்கள். பெட்டியோடு, வயதானவரோடு அந்த நெரிசலில் ரயிலேறுவது சிரமம். மூன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள்.

புறப்படும் முன் இரண்டு விஷயம் பார்த்துவையுங்கள். உணவங்காடி நிலையங்களைத் துப்புரவுக்காகவும் பழுதுபார்ப்புக்காகவும் அவ்வப்போது மூடுவார்கள். எந்த நிலையம் எந்தத் தேதியில் மூடப்படும் என்ற பட்டியல் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கும். உங்கள் நாலு நாளில் ஏதாவது அதில் வருகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, ரயிலிலும் நிலையத்துக்குள்ளும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. அபராதம் 500 வெள்ளி வரை போகும். மகனுக்குத் தாகம் என்றால் நுழைவாயிலுக்கு வெளியிலேயே குடிக்க வைத்துவிட்டு உள்ளே போங்கள்.