நாட்குறிப்பு கிடைக்காத இரவு (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் வேடமேற்பு ஆட்டங்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படித்துத்தான் எனக்கு அந்த ஆர்வம் வந்தது. சென்ற மாதம் அலுவலகத் தோழிகள் நால்வரை வீட்டுக்கு அழைத்து, அச்சில் வந்த ஒரு திகில் துப்பறியும் ஆட்டத்தை நடத்தினேன். இரண்டு வாரம் விதிநூலைப் படித்துக் குறிப்பெடுத்திருந்தேன். பாழடைந்த வீடு, காணாமல்போன பேராசிரியர், மேசை இழுப்பறையின் அடித்தட்டில் ஒளித்துவைத்த நாட்குறிப்பு. அதைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்ட வேண்டும் என்று நூலில் இருந்தது. நால்வரும் உருட்டினார்கள், நால்வருக்கும் வேண்டிய எண் விழவில்லை. அதன்பிறகு முக்கால் மணி நேரம் அந்த வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தோம். ஒருத்தி கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டாள். மறுபடி கூடலாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

அனுபவமுள்ள ஒருவரிடம் கேட்டேன். ‘நல்ல கேம் மாஸ்டர் கையில் எந்த ஆட்டமும் நன்றாக இருக்கும்’ என்றார். அன்று கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்திய கேம் மாஸ்டர் நான்தான். அப்படியானால் தவறு என்னுடையதா? விதிகள் அளவுக்கு மீறி இருந்ததுதான் காரணமா? மோசமாக வடிவமைக்கப்பட்ட ஆட்டம் என்று ஒன்று உண்டா?

அன்புடன்,
வித்யா
கோயம்புத்தூர்

அன்புள்ள வித்யா,

உண்டு. நீங்கள் அன்று ஆடியது அப்படிப்பட்ட ஒன்று. தவறு உங்கள் மேல் இல்லை.

எந்த ஆட்டம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அந்த நோயை எனக்கு நன்றாகத் தெரியும். 1981இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுலு’ இந்தத் திகில் துப்பறியும் வகைக்கெல்லாம் தாய். நான் மிகவும் நேசிக்கும் ஆட்டம் அது. பயத்தால் மனம் சிதைவதை எண்ணாக்கி, பாத்திரங்களின் விவரம் எழுதிய தாளில் ஒவ்வொரு புள்ளியாகக் குறையவைத்த அந்த விதிக்கு இணையாக இன்னொன்றைச் சொல்லத் தயங்குவேன். ஆனால் அதில் மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன், பயிற்சி இல்லாத பாத்திரத்துக்கு 25 விழுக்காடு. நால்வரும் அந்த 25ஐ வைத்து உருட்டினால் நால்வரும் தவறவிடும் வாய்ப்பு ஏறக்குறைய 32 விழுக்காடு. அதாவது உங்களைப்போல மூன்று வீடுகளில் ஆட உட்கார்ந்தால் ஒரு வீட்டில் நாட்குறிப்பு கிடைக்காது. கதை முழுவதும் அந்த நாட்குறிப்புக்குப் பின்னால் இருந்தால், அந்த வீட்டில் அன்று கதையே கிடையாது. எழுதும்போதே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

மோசமான ஆட்டத்தை நான் அடையாளம் காண்பது ஒரே ஒரு விடையை வைத்துத்தான். பகடை உருண்டு நின்றபின் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை ஒரு விதி எத்தனை முறை சொல்லவைக்கிறது? தோற்றுப்போவது வேறு. கூரை இடிந்து விழட்டும், பேராசிரியரின் வேலைக்காரன் போலீசைக் கூட்டிவரட்டும், நாட்குறிப்பு பாதி எரிந்த நிலையில் கிடைக்கட்டும். அவையெல்லாம் தோல்விதான், ஆனால் அடுத்து என்ன செய்வது என்று ஆடுபவர் யோசிக்க அவற்றில் இடமிருக்கிறது. ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதில் அந்த இடம் இல்லை. நம் வீட்டுத் தாயக்கட்டத்திலும் தாயம் விழாமல் காய் இறங்காது. ஆனால் அங்கே கட்டை அடுத்த நிமிடமே மறுபடி நம் கைக்கு வந்துவிடும்.

வேடமேற்பு ஆட்டத்தில் அப்படி உடனே வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேசையில் ஆறு பேராக ஆடினோம், பெரிய சண்டைக் காட்சி. என் முறை வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. மாடத்தில் நிற்கும் வில்லாளியை எப்படி வீழ்த்துவது என்று அதுவரை மனத்துக்குள் திட்டமிட்டுக்கொண்டிருந்தேன். இருபது முகப் பகடையை உருட்டினேன், 6 விழுந்தது. ‘தவறிவிட்டது, அடுத்து யார்?’ என்றார் நடத்தியவர். என் பக்கத்தில் கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பையன். அன்று மாலை முழுவதும் அவனுக்கு மூன்று முறைதான் பகடை வந்தது, மூன்றும் தவறின. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ‘இன்று நான் என்ன சார் செய்தேன்?’ என்று கேட்டான். அவனிடம் சொல்ல எனக்கு ஒரு பதிலும் இல்லை. அன்றைய கேம் மாஸ்டர் திறமையானவர், குரலை மாற்றிமாற்றிப் பேசி அரக்கர்களைக் கண்முன் நிறுத்தக்கூடியவர். அவரால் அந்த இருபது நிமிடத்தைச் சுருக்க முடியவில்லை.

காத்திருப்புக்கு இன்னும் பெரிய உதாரணம் 1989இல் வந்த ‘ஷேடோரன்’. கணினிக்குள் புகும் கள்வன் ஒருவன் குழுவில் இருப்பான். அவன் உள்ளே போய்விட்டால் அவனும் கேம் மாஸ்டரும் மட்டும் ஆடிக்கொண்டிருப்பார்கள், மற்றவர்கள் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். 2005இல் வந்த நான்காம் பதிப்பில்தான் கம்பியில்லா வலையமைப்பைக் கொண்டுவந்து, அவனும் குழுவோடு நடந்தபடியே தன் வேலையைச் செய்ய வழிசெய்தார்கள். பதினாறு ஆண்டுகள்!

விதிகள் மிகுந்திருப்பதா காரணம் என்று கேட்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1977இல் மார்க் மில்லர் வெளியிட்ட ‘டிராவலர்’ ஆட்டத்தில், ஆட்டம் தொடங்கும் முன்பே, பாத்திரத்தை உருவாக்கும்போதே அது செத்துப்போகலாம். இதைவிட மோசமான வடிவமைப்பு உண்டா என்று பலர் சிரிப்பார்கள். நான் அதை உருட்டிப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாத்திரம் கடற்படையிலோ தரைப்படையிலோ நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறது. ஒவ்வொரு நான்காண்டுக்கும் உயிர்பிழைக்கிறதா என்று இரண்டு பகடை. பிழைத்தால் புதிய திறன், பதவி உயர்வு. இன்னொரு நான்காண்டு இருப்பதா, கிடைத்ததை எடுத்துக்கொண்டு விலகுவதா? உருட்டும் முன் கை நடுங்கும். செத்தால் புதுத் தாள் எடுத்து மறுபடி தொடங்கச் சில நிமிடங்கள் போதும். அந்த நடுக்கத்தைத் தந்தவரை மோசமான வடிவமைப்பாளர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

உங்கள் நாட்குறிப்புச் சிக்கலுக்கு மருந்தும் நெடுநாள் முன்பே கிடைத்துவிட்டது. ராபின் லாஸ் வகுத்த ‘கம்ஷூ’ விதிமுறையை அடிப்படையாகக் கொண்டு 2008இல் கென்னத் ஹைட் ‘டிரெயில் ஆஃப் கதுலு’வை எழுதினார். அதில் உரிய திறனுள்ள பாத்திரம் உரிய இடத்தில் தேடினால் துப்பு கிடைத்தே தீரும், பகடையே இல்லை. துப்பைக் கண்டெடுப்பதைவிட, கிடைத்த துப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதில்தான் துப்பறிவதன் சுவை இருக்கிறது என்று லாஸுக்குப் புரிந்திருந்தது. கால் ஆஃப் கதுலுவும் 2014இன் ஏழாம் பதிப்பில் மாறிக்கொண்டது. தவறிய முயற்சியை, தகுந்த காரணம் சொல்லி இன்னொரு முறை உருட்டலாம், ஆனால் அதுவும் தவறினால் விளைவு கடுமையாக இருக்கும். 2010இல் வின்சென்ட் பேக்கரின் ‘அபாகலிப்ஸ் வேர்ல்ட்’ இன்னும் துணிந்து போனது. இரண்டு பகடை உருட்டி, திறன் எண்ணைக் கூட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை ஒரு விலையோடு வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கேம் மாஸ்டர் உங்கள் மேல் எதையாவது இறக்கிவிடுவார். திறன் எண் 1 உள்ளவருக்கு அந்த நடு விடை 44 விழுக்காடு விழும். மேசையில் அதிகம் கேட்கும் சொல் ‘கிடைத்துவிட்டது, ஆனால்...’ என்பதாகத்தான் இருக்கும்.

‘நல்ல கேம் மாஸ்டர் கையில் எந்த ஆட்டமும் நன்றாக இருக்கும்’ என்ற வாக்கியம் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. அனுபவமுள்ளவர் அன்று என்ன செய்திருப்பார்? பகடையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் விதியை மீறி நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்திருப்பார். சமையல் குறிப்பில் உப்பின் அளவு தவறாக இருந்தால் பழகிய கை தானாகக் குறைத்துப் போடும். அதனால் குறிப்பு சரியாகிவிடுமா? அதை நம்பி, எழுதியபடியே சமைத்தவர் நீங்கள். இரண்டு வாரம் படித்து, குறிப்பெடுத்து, நால்வரை வீட்டுக்கு அழைத்த ஒருவரை ‘எனக்குத் திறமையில்லை’ என்று நினைக்கவைத்திருக்கிறது அந்த நூல். இப்படி எத்தனை பேர் ஒரே இரவோடு நிறுத்திக்கொண்டார்களோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்தத் தோழிகளை மறுபடி அழையுங்கள். அதே வீடு, அதே பேராசிரியர். இம்முறை ஆட்டம் தொடங்கும்போதே நாட்குறிப்பு அவர்கள் கையில் இருக்கட்டும். கடைசிப் பக்கம் மட்டும் கிழிக்கப்பட்டிருக்கிறது, கிழித்த ஓரத்தில் மை இன்னும் காயவில்லை. மாடியில் யாரோ நடக்கும் ஓசை கேட்கிறது. ஏறிப்போவதா, வெளியே ஓடுவதா என்று, கைப்பேசியை எடுத்த அந்தத் தோழியிடம் முதலில் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.