கிம்பர்லியில் ஹெலிகாப்டர் பயணம்: கேட்டதும் சொன்னதும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கிறது கிம்பர்லி. அங்கே மூன்று முறை ஹெலிகாப்டரில் சுற்றி, இரவுகளைக் கூடாரத்தில் கழித்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, டிசம்பரில்தான் லீவு கிடைக்கும். போகலாமா?

வேண்டாம் தம்பி. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழைக்காலம். புயலும் வரும், வெக்கையும் தாங்காது. மே கடைசியோ ஜூனோ பாருங்கள். வானம் தெளிந்திருக்கும், அருவிகளிலும் தண்ணீர் மிச்சமிருக்கும். செப்டம்பரில் போனால், 80 மீட்டர் கிங் ஜார்ஜ் அருவியில் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

கேள்வி: ஜீப்பில் போனால் செலவு குறையுமே?

கண்டிப்பாகக் குறையும். ஆனால் 660 கிலோமீட்டர் கிப் ரிவர் ரோடு உள்நாட்டைத்தான் காட்டும். கடலோரத்தில் பெரும்பகுதிக்குச் சாலையே கிடையாது.

கேள்வி: 'கிடைமட்ட அருவி' என்கிறார்களே, அருவி எப்படிப் படுத்துக்கொண்டு பாயும்?

அது அருவியே இல்லை, கடல்! டால்பட் விரிகுடாவில் மலை பிளந்து, அடுத்தடுத்து இரண்டு இடுக்குகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் கடல்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வெளியே நீர் இறங்கும் வேகத்துக்கு, உள்ளே தேங்கியது அந்தச் சின்ன இடுக்கு வழியாக வடிய முடியாது. உள்ளே ஒரு மட்டம், வெளியே ஒரு மட்டம். நடுவே வெள்ளம் சீறும். சுமார் ஆறு மணி நேரத்தில் எல்லாம் எதிர்த்திசைக்கு மாறிவிடும்.

தேதி முடிவு செய்யும்போது நம் தினசரிக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள், சிரிக்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் வேகம் அதிகம். அஷ்டமி வாக்கில் போன எனக்கு முதல்முறை பாதிக் காட்சிதான் கிடைத்தது. மான்ட்கோமரி திட்டுக்கும் இதே கணக்கு. கடல் வற்றும்போது பவளத்திட்டு வெளியே தெரியும், அதன் ஓரமெல்லாம் ஓடை ஓடையாகத் தண்ணீர் கொட்டும். இதை மட்டும் மேலிருந்துதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் எடை 95 கிலோ. சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள் சார். ஆர் 44 ரக ஹெலிகாப்டரில் பைலட்டோடு சேர்த்து நாலே இருக்கை. சாமான் இருக்கைக்கு அடியில் போகும், அதனால் சூட்கேஸ் கூடாது, மெத்தென்ற துணிப்பை மட்டும். எடை கூடினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். குறைத்தால் எட்டும் தூரமும் குறையும். எங்களோடு வந்த ஒருவர் எட்டு கிலோவை மறைத்தார். கிளம்பும் இடத்தில் எடை மெஷின் காட்டிக்கொடுத்தது. கடைசியில் இறங்கியது என் கேமரா ஸ்டாண்ட்.

கேள்வி: குளிக்க இடம் உண்டா?

அருவிக்கு மேலே உள்ள குளங்களில், அதுவும் பைலட் சரி என்றால் மட்டும். கீழே கழிமுகத்தில் உப்புநீர் முதலை இருக்கும். காலைக்கூட நனைக்காதீர்கள்.

கேள்வி: பங்கிள் பங்கிள் குன்றுகளில் கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் வரிகளை யாராவது தீட்டினார்களா?

இல்லையம்மா. களிமண் கலந்த அடுக்கில் ஈரம் நிற்கும். அதில் நுண்ணுயிர் படர்ந்து கருக்கும். சீக்கிரம் காயும் அடுக்கில் இரும்புத் துரு படிந்து ஆரஞ்சாகும். 1983இல் வானிலிருந்து எடுத்த படங்கள் வந்த பிறகுதான் வெளியுலகம் இதைக் கவனித்தது. 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள பூர்வகுடிகளுக்கு இது எப்போதுமே தெரியும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: பாறை ஓவியங்களைப் படம் எடுக்கலாமா?

பூர்வகுடிகள் வரைந்த வாயில்லாத வான்ஜினா முகங்கள் அவர்களுக்கு மழை தரும் தெய்வம். அந்த மண்ணுக்கு உரியவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை உறையில் போட்டுவிட்டு, கண்ணால் பாருங்கள்.