சென்னையா, டில்லியா? காரைதீவிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். வரலாறு என்றால் எனக்கு உயிர். இந்திய அரசின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்ததில் சென்னை, டில்லி இரண்டு பல்கலைக்கழகங்களிலும் பி.ஏ. வரலாற்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு கிழமைக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும். "சென்னைதான் பக்கம், தமிழ் ஊர், வளசரவாக்கத்தில் பெரியம்மாவின் மகளும் இருக்கிறா. விபுலாநந்த அடிகளே அங்கேதானே போனார்" என்கிறார் அப்பா. வரலாற்று ரீச்சரோ டில்லியை விட்டுவிடாதே என்கிறா. பிறகு கம்பஸில் விரிவுரையாளராக வர ஆசை. எங்கே போனால் தனித்துப் போகமாட்டேன், ரீச்சர்?
பெயர் வேண்டாம், காரைதீவு

பதில்: மகள், முதலில் அப்பாவின் கணக்கைப் பார்ப்போம். சென்னை பக்கம் என்பது கொழும்பில் இருப்பவர்கள் சொல்லும் கதை. கல்முனையில் இரவு பஸ் ஏறி, விடியும்போது இறங்கி, கட்டுநாயக்க போய்ச் சேர்வதற்குள் உன் பயணத்தில் பெரும்பங்கு முடிந்துவிடும். அங்கிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம். டில்லிக்கு நேரே போனால் மூன்றரை, நாலு. ஒரு இரவு முழுக்கப் பஸ்ஸில் குலுங்கிப் போகிறவளுக்கு இந்த இரண்டரை மணித்தியாலம் ஒரு தூரமா? டிக்கெட் விலை கூட, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அடிகளார் விஷயத்திலும் அப்பா பாதிதான் சொல்லியிருக்கிறார். சென்னை இராமகிருஷ்ண மடத்துக்குப் போனது உண்மை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானதும் உண்மை. அதே மனிதர்தான் 1939இல் இமயமலைப் பக்கம் மாயாவதி என்ற இடத்துக்குப் போய், இராமகிருஷ்ண மிஷனின் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தார். உங்கள் ஊர்க்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் வடக்கு, தெற்கு இரண்டுக்கும் சாட்சி சொல்லுவார்.

தமிழ் ஊர் என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் எம்.ஏ. படித்தேன். விடுதியில் முதல் கிழமை, அறையிலிருந்த பிள்ளையிடம் "மறுகா வாறன்" என்று, அதாவது பிறகு வருகிறேன் என்று, நம்மூர்த் தமிழில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவள் பக்தியோடு கேட்கிறாள்: "நீங்க முருக பக்தையா? மருகான்னு கூப்பிட்டுட்டுப் போனீங்களே!" கடைக்குப் போனால் கேரளாவா என்பார்கள். இதெல்லாம் சிரிக்க. விடுதியை விட்டு வீடு தேடியபோது சிரிப்பு வரவில்லை. "சிலோனா?" என்று கேட்ட வீட்டுக்காரம்மா நாளைக்கு வரச் சொன்னா. போனேன். ஆள் வந்துவிட்டார்கள் என்றா. "வாடகைக்கு" என்று எழுதிய அட்டை மட்டும் அந்தக் கேற்றில் இன்னும் மூன்று கிழமை தொங்கியது. அதே தெருவில்தான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொண்டுவந்த அம்மாவும் இருந்தா, அதையும் மறைக்கக்கூடாது. ஆனால் தமிழ் கேட்கிற ஊரில் தனிமை வராது என்று மட்டும் நினைக்காதே. டில்லியில் நீ வேற்றாள் என்பது முதல் நாளே தெரியும், மனதைக் கட்டிக்கொண்டுதான் போவாய். சென்னையில் அது ஒரு மாதம் கழித்து, எதிர்பாராத இடத்தில் வந்து இடிக்கும்.

சரி, இதெல்லாம் மேல்பூச்சு. நீ எழுதாத ஒன்றுதான் முக்கியம்: பட்டம் எத்தனை வருடம்? இந்திய அரசின் புதிய கல்விக் கொள்கைப்படி டில்லிப் பல்கலைக்கழகம் 2022இலிருந்து இளங்கலையை நான்கு வருடமாக்கிவிட்டது. விரும்பினால் மூன்றாம் வருடத்தோடு பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரலாம். நாலாவதையும் முடித்தால்தான் முழுமை. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அங்கே பி.ஏ. பழையபடி மூன்று வருடம். படிப்புகளை மட்டம் பிரிக்கும் நமது நாட்டுத் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 5ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கவென்றால் 5 போதும், சென்னைக்குப் போய் ஒரு வருடத்தை மிச்சம் பிடி என்றே சொல்லியிருப்பேன். நீ கேட்பது வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளர் வேலை. அந்த நேர்முகத்தில் இந்த ஒரு மட்டம் கண்ணில் படும். மூன்று வருடத்துக்குமேல் எம்.ஏ. செய்து அதைச் சரிக்கட்டலாம், ஆனால் அதற்கு இன்னொரு புலமைப்பரிசில் தேட வேண்டும்.

அதனால் இந்தக் கிழமையே கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்துக்கு எழுதிக் கேள்: டில்லி என்றால் நாலாம் வருடத்துக்கும் பணம் வருமா? வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்கு. அப்படியே எந்தக் கல்லூரி என்றும் கேள். இரண்டு ஊரிலும் பி.ஏ. வகுப்புகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில்தான் நடக்கும். மெரினாவுக்கு எதிரே இருக்கும் அந்த அழகான பழைய கட்டிடத்தைப் படத்தில் பார்த்து மயங்கிவிட்டு, வகுப்புக்கு ஊரின் வேறு மூலைக்குப் போக வேண்டி வரலாம்.

சென்னைக்காக ஒரு விஷயம் பேசியே ஆக வேண்டும். 1796 முதல் 1798 வரை நமது கரையோரத்தை ஆங்கிலேயர் சென்னையிலிருந்துதான் ஆண்டார்கள். சென்னை மாகாணத்தின் பழைய பதிவுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கிழக்கின் வரலாற்றைத் தோண்டுகிறவள் என்றைக்காவது அங்கே போய்த் தூசி குடிக்கத்தான் வேண்டும். ஆனால் பி.ஏ. பிள்ளைக்கு அது தேவைப்படாது. ஆராய்ச்சிக்கு வந்தபின் டில்லியிலிருந்து ரயில் ஏறு.

ஆகவே, நாலாம் வருடத்துக்கும் பணம் உண்டென்றால் என் வாக்கு டில்லிக்கு. இல்லையென்றால் அப்பா சொல்வதைக் கேள். இன்னொன்று, உனக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தால் மேலே எழுதிய அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டுச் சென்னைக்குப் போ. தீபாவளி காலத்தில் டில்லியில் இறங்கும் புகைமூட்டம் விளையாட்டில்லை. குளிர் பரவாயில்லை, தையில் 5 பாகைக்குக் கீழே போகும், நல்ல ஜாக்கெட் ஒன்று வாங்கினால் சமாளிக்கலாம். அதை இங்கே வாங்காதே, அங்கே மலிவு. ஹிந்தி கடைத்தெருவில் தானாக வரும். ஆங்கிலம்தான் உழைப்பு. தமிழ்மொழி மூலம் படித்தவளுக்கு முதல் தவணை தலை சுற்றும், அது டில்லிக்கு மட்டுமான தலைச்சுற்று இல்லை. இருக்கிற மாதங்களில் தினமும் பத்துப் பக்கம் ஆங்கிலத்தில் வரலாறு வாசி, உன் வரலாற்று ரீச்சரிடம் புத்தகம் இரவல் கேள்.

அப்பாவிடம் இந்த 5, 6 கதையைச் சொல்வதற்கு முன், டில்லி ஆர்.கே.புரத்தில் குன்றின்மேல் முருகன் கோயில் இருக்கிறது என்பதைச் சொல்லு. மலை மந்திர் என்பார்கள். கோபுரத்தை ஃபோனில் எடுத்துக் காட்டு.