வாயில்லாத புழு எப்படிச் சாப்பிடும்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஸ்மார்ட் போர்டில் ஆழ்கடல் வீடியோ போட்டால் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால், "ஒரு மீனுக்கு லைட் எரிஞ்சுது மிஸ்" என்பதோடு சரி. வேறு எப்படி நடத்துவது?
– ஓர் ஆசிரியை, காரைக்கால்

பதில்: வீடியோவை முழுசாக ஓட விடாதீர்கள் அம்மா. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிட்யூட் என்ற கடல் ஆய்வு நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி சுபாஸ்டியன் கடலில் இறங்குவதை யூடியூபில் நேரலையாகவே காட்டுவார்கள். அதன் பதிவு ஒன்றை நான் வகுப்பில் போட்டேன். ரொம்ப நேரம் வெறும் இருட்டு, அதில் வெள்ளை வெள்ளையாகத் துகள்கள். "கேமராவுல தூசி சார்" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். "தூசின்னா கேமராவோட ஒட்டிக்கிட்டுல்ல வரும்? இது மேல போகுதே" என்றாள் ஒருத்தி. அங்கே நிறுத்திவிட்டேன். கால் மணி நேரம் சண்டை. துகளும் கீழேதான் விழுகிறது, வண்டி அதைவிட வேகமாக இறங்குகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். மேலே செத்த நுண்ணுயிர்களும் கழிவுகளும்தான் அப்படி விழுகின்றன. ஆழத்தில் பெரும்பாலான உயிர்களுக்கு அதுதான் சோறு. 'கடற்பனி' என்ற சொல்லை அதற்கப்புறம்தான் பலகையில் எழுதினேன்.

அடுத்த வகுப்பில் குழல்புழு. 1977இல் பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுகள் அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கியில் போனவர்கள் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். அந்தப் பயணத்தில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. அந்த ஊற்றுகளைச் சுற்றி இருந்ததுதான் இந்தக் குழல்புழு, ஆள் உயரத்துக்கு வளரும். வாயும் இல்லை, குடலும் இல்லை. எப்படிச் சாப்பிடும்? பிள்ளைகள் ஆளுக்கொரு விடை எழுதட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அந்தப் புதிரை அவிழ்த்ததும் ஒரு மாணவிதான். ஹார்வர்டில் ஒரு சொற்பொழிவில், புழுவின் உடம்புக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதைக் கேட்டதும் காலீன் கேவனா எழுந்து, அப்படியானால் உள்ளே கந்தகத்தால் வாழும் பாக்டீரியா இருக்க வேண்டும், புழுவுக்குச் சோறு போடுவது அதுதான் என்றார். 1981இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. இந்தக் கதையைக் கடைசியில் சொல்லுங்கள்.

'சூரியனே வேண்டாத உயிர்' என்று மட்டும் எழுதிப் போடாதீர்கள். புழுவுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். அது மேலே வெயிலில் நடந்த ஒளிச்சேர்க்கையில் வந்தது.

வகுப்பு நேரத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷத் துண்டை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.