ஏஸ்-கிங் வந்தும் ஏன் மொத்தமும் காலியாவுது?

பழைய வண்ணாரப்பேட்டைலேந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஞாயித்துக்கெழம மொட்டமாடில அஞ்சு ஃப்ரெண்ட்ஸ் சேந்து புளியங்கொட்டை வெச்சு நோ-லிமிட் ஹோல்டம் (ஆளுக்கு ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு வர்ற போக்கர், எவ்ளோ வேணா போடலாம்) ஆடுறாங்க, ஆளுக்கு 200 கொட்டை, பிளைண்ட், அதாவது சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு கட்டாயமா போடுறது, 1-2. நல்ல சீட்டு வர்றப்பதான் எனக்கு மொத்தமும் போவுது, போன வாரம் ஏஸ்-கிங் வெச்சே அவுட்டு, எங்க தப்பு அண்ணான்னு கேக்குறாரு.

தம்பி, மொதல்ல கொட்டையோடவே ஆடுங்க, காசுக்குப் போவாதீங்க. ஆன்லைன்ல காசு கட்டி ஆடுறத 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டம் தடை பண்ணிடுச்சு, கொட்டைல கத்துக்குற வெளயாட்டு ஒண்ணும் கொறஞ்சது இல்ல.

இப்ப அந்த ஆட்டத்துக்கு வருவோம். நீங்க 6-க்கு ஏத்துனீங்க, ரெண்டு பேரு கூட வந்தாங்க, பிளைண்ட் போட்ட ரெண்டு பேரும் சீட்ட வெச்சுட்டு வெளிய போய்ட்டாங்க, நடுவுல 21 கொட்டை. ஃபிளாப், அதாவது மொதல்ல திறக்குற மூணு பொதுச் சீட்டு, கிங், 9, 8, அதுல ரெண்டு ஆர்ட்டின். நீங்க 12 போட்டது ரொம்ப சரி. ஏன்னா ரெண்டு ஆர்ட்டின் கையில வெச்சு, அஞ்சு ஆர்ட்டின் சேர இன்னொண்ணுக்கு காத்திருக்கிறவனுக்கு அடுத்த சீட்டுலயே அது வர்ற வாய்ப்பு 47-ல 9, கிட்டத்தட்ட 19 சதவீதம், ஆனா உங்க 12-க்கு கூட வரணும்னா அவனுக்கு 27 சதவீதமாவது வேணும், அப்ப அவன் வந்தா அவனுக்குத்தான் நஷ்டம். ஒருத்தர் வந்தாரு, 45 ஆச்சு. டர்ன்ல, அதாவது நாலாவது பொதுச் சீட்டுல, ஒண்ணுத்துக்கும் உதவாத 2 வந்துச்சு, நீங்க 30 போட்டீங்க, அவரு 182-யும் தள்ளிட்டாரு. தப்பு இதுக்கப்புறம்தான்.

கூட வர உங்களுக்கு இன்னும் 152 வேணும். நடுவுல 257 இருக்கு, அப்ப நூத்துக்கு 37 தடவையாவது நீங்க ஜெயிச்சாதான் அந்த கணக்கு கட்டும். அவரு கையில 9-8 இருந்தா அவருக்கு ரெண்டு ஜோடி, உங்களுக்கு ஒதவுறது மூணு ஏஸ், ரெண்டு கிங், மூணு 2, ஆக 44-ல 8 சீட்டு, 18 சதவீதம். ரெண்டு 9 வெச்சிருந்தா அவருக்கு மூணு 9, உங்களுக்கு ஒரு சீட்டும் ஒதவாது. எப்பவுமே சும்மா கூட வர்ற ஆளு, ஒருநாளும் ஏமாத்தாத ஆளு, திடீர்னு மொத்தத்தயும் தள்ளுறாருன்னா ஒத்த ஜோடிய நம்பி நிக்கக் கூடாது தம்பி. ரம்மில சீட்டு சரியில்லன்னா 80 வாங்கறதுக்கு பதிலா 20-ல டிராப் பண்றோம்ல, அதேதான், இங்க சீட்ட வெச்சிருந்தா 152 கொட்டை கையில நின்னிருக்கும், 76 பிளைண்ட், மறுபடி ஆட அது தாராளம். ஆனா எதிர்ல இருக்கறவரு ஆர்ட்டினுக்கு காத்துட்டே தள்ளுற ஆளுன்னா கத வேற, அதனால யாரு எப்ப எதக் காட்டுனாங்கன்னு ஆட்டம் முடிஞ்சதும் ஞாபகம் வெச்சுக்குங்க, நீங்க ஆடாத ரவுண்டுலயும் பாருங்க.

இன்னொண்ணு, உக்கார்ற எடம். சீட்டு போடுற எடத்துல உக்காந்தா ஃபிளாப்புக்கு அப்புறம் எல்லாரும் பண்ணத பாத்துட்டு கடைசியா முடிவெடுக்கலாம், அங்க கொஞ்சம் தாராளமா ஆடுங்க, மொதல்ல பேசுற எடத்துல பெரிய ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-ராணி மாதிரி சீட்டுக்கு மட்டும் வாங்க. 2 கொட்டை மட்டும் போட்டு சும்மா நுழையாதீங்க, வந்தா 5 இல்ல 6-க்கு ஏத்தி வாங்க. அப்பதான் கூட்டம் கொறையும், ரெண்டு ஏஸே வெச்சிருந்தாலும் எதிர்ல ஒருத்தருன்னா 85 சதவீதம் உங்களுக்கு, நாலு பேரும் கடைசி வரைக்கும் வந்துட்டா 56-தான்.

சின்ன ஜோடி வந்தா கம்மி வெலையில ஃபிளாப் பாருங்க, அதே நம்பர்ல மூணாவது சீட்டு விழறது எட்டு ஒம்பது தடவைக்கு ஒரு தடவதான், விழலன்னா உடனே வெச்சுடுங்க, விழுந்துச்சுன்னா பயப்படாம போட்டுக்கிட்டே போங்க, அந்த எடத்துலதான் 200-யும் தள்ளலாம்.